கல்லாப்பெட்டியில் ஒரு வைரக் குறி

தாராவி தொண்ணூறடிச் சாலையில், எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவைக் கொட்டுவார்கள். பழைய செய்தித்தாளை விரித்து ஒரு வாரச் சில்லறையை அதன்மேல் கவிழ்க்கும் சத்தம் கேட்டதும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். கையில் ஒரு பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய காந்தம். நான் நாணயம் சேர்க்கிறவன். எனக்கு வேண்டிய காசை எடுத்துக்கொண்டு அதே மதிப்புக்கு வேறு காசு வைத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். விடிகாலைப் பால் வியாபாரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. மும்பையில் சில்லறைக்கு இருக்கிற மரியாதை நோட்டுக்குக் கிடையாது.

"என்ன தம்பி, லட்ச ரூபா காசு ஏதும் தேறுச்சா?"

வாரம் தவறாமல் அண்ணாச்சி இதைக் கேட்பார். பாதி கிண்டல், பாதி ஆசை. அவர் போனில் வந்து விழுகிற தகவல்கள் அப்படி. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் பத்து லட்சம், காண்டாமிருகம் போட்ட நாலணா இருந்தால் ஒன்றரை லட்சம் என்று தினம் ஒன்று வரும். வைஷ்ணவ தேவி நாணயம் 2012-ஐச் சேர்ந்தது. இதே கல்லாவிலிருந்து நான் ஏழெட்டு எடுத்திருக்கிறேன். காண்டாமிருக நாலணா, 1988-லிருந்து எவர்சில்வரில் அடித்துத் தள்ளிய சங்கதி. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போனபோது, பாதி வீடுகளில் டப்பா டப்பாவாக அப்படியே தங்கிவிட்டன. எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு யார் லட்சம் கொடுப்பார்?

ஒரு காசுக்கு விலை வருவது எதனால் என்று கேட்டால், பெரும்பாலானோர் வாயில் முதலில் வருவது 'பழசு' என்பதுதான். பழசாக இருப்பது மட்டும் ஒன்றும் செய்யாது. நாலாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசில் சாதாரண ரகம் இன்றைக்கும் ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அவ்வளவு அடித்தார்கள், மண்ணுக்குள் அவ்வளவு கிடந்தது. அடித்ததில் எத்தனை மிச்சம், மிச்சமானது எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்ததுதான் விலை. மூன்றில் ஒன்று சாதகமாக அமையாவிட்டாலும் அது வெறும் பழைய காசு.

இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. விக்டோரியா ராணி தலை போட்ட, 1862 என்று தேதி போட்ட வெள்ளி ரூபாய் பல தமிழ் வீடுகளில் பூஜை அறைச் சிமிழில் இருக்கும். நூற்றறுபது வருஷம் ஆயிற்று, பெரிய விலை போகும் என்று நினைப்பார்கள். அந்த 1862 உண்மையான தேதி அல்ல. அதன் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அடித்த ரூபாய்களிலும் அதே 1862-தான் இருந்தது, வருஷத்தை மாற்றவே இல்லை. பம்பாயில் அடித்தவற்றில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார்கள். அந்தப் புள்ளிகள் எங்கே, எத்தனை என்று எண்ணித்தான் இது எந்த வருஷத்துச் சரக்கு என்று இன்றைக்குப் பிரிக்கிறார்கள். சாதாரண 1862 ரூபாய் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். புள்ளிகளின் கணக்கு அபூர்வமாக அமைந்துவிட்டால் கதை வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் மாமியாருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் முதல் இரண்டு வருஷம் தெரியவில்லை.

மறுபக்கம் 1939-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய். 1862-ஐவிட எழுபத்தேழு வருஷம் இளையது. ஆனால் சேகரிக்கிறவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். 1835-லிருந்து அதுவரைக்கும் ரூபாய் என்றால் 11.66 கிராம் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஜனங்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-ல் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். பழைய தரத்து வெள்ளியில் வந்த கடைசி வருஷம் 1939. அதில் பெரும்பகுதி உருக்குக் கொட்டிலுக்குப் போய்விட்டது என்பதால் தப்பித்தவை சொற்பம்.

ஆகவே போலி நிறைய. மும்பையின் கோட்டைப் பகுதி நடைபாதையில் துணி விரித்துப் பழைய காசு விற்கிற ஒருவரிடம் நானே ஒன்று வாங்கினேன். 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், கடைசி 9-இன் வயிறு முதல் 9-இன் வயிற்றைவிடச் சப்பையாக இருந்தது. அதைச் சுற்றியுள்ள தரை மட்டும் ஊசியால் கீறியதுபோலப் பளபளத்தது. 1938 நாணயத்தின் எட்டைச் சுரண்டி ஒன்பது ஆக்கியிருக்கிறார்கள். எடை சரி, வெள்ளியும் அசல் வெள்ளி, பொய் அந்த ஒரு எண்ணில் மட்டும். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது 1939 வாங்கப்போகிறேன் என்று சொன்னால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பூஜை அறைச் சிமிழ் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று மறுபக்கம் போட்ட கனமான செப்புக்காசு. நாணயம் சேர்க்கிறேன் என்று நீங்கள் வாய் திறந்த மறுநாளே யாராவது ஒருவர் இதைக் கொண்டுவந்து நீட்டுவார். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பக்தர்களுக்கும் ஏமாளிகளுக்கும் பின்னாளில் தயாரித்து விற்றது அது. கம்பெனி காசில் சாமியே கிடையாதா என்றால், உண்டு: சென்னை மாகாணத்தின் வராகன் என்கிற தங்கக்காசில் கோபுரமும் விஷ்ணுவும் இருக்கிறார்கள், பணம் என்கிற சிறு நாணயத்தில் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்கு வியாபாரம்தான் சாமி. எந்த ஊரில் எது செல்லுமோ அதைப் பொறித்தார்கள்.

சரி, கல்லாவுக்கு வருவோம். ஒரு காசை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது தேதிக்குக் கீழே. குட்டி வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒரு புள்ளி மட்டும் என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. மூத்த பிள்ளைக்கு அடையாளம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போல. மும்பையின் நாணயச்சாலை கோட்டைப் பகுதியில், ஷாஹித் பகத்சிங் சாலையில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே இருக்கிறது, 1829-லிருந்து இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டிப் பஸ்ஸில் போகிற ஆயிரக்கணக்கானோருக்குத் தங்கள் பையில் கிடக்கும் காசு அந்த வாசல் வழியாக வந்ததுதான் என்பது தெரியாது.

ஒரே வருஷம், ஒரே மதிப்பு, ஒரே படம் என்றாலும் நாலு நாணயச்சாலைகளும் ஒரே அளவில் அடிப்பதில்லை. ஒரு வருஷத்தில் ஒரு சாலையில் கொஞ்சம்தான் வந்திருக்கும். அந்த வைரமோ புள்ளியோதான் இரண்டு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். 1980-களிலும் 90-களிலும் சில்லறைப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள்: பிரிட்டன், கனடா, கொரியா, மெக்சிகோ, ஸ்லோவாக்கியா, தென்னாப்பிரிக்கா, ரஷ்யா. 1985 ஒரு ரூபாயில் தேதிக்குக் கீழே ஆங்கில 'ஹெச்' எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் வந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து 38 வருஷம் கழித்து, சிங்க முகத் தூணைப் பொறித்த ரூபாய் இங்கிலாந்திலிருந்து இறங்கியிருக்கிறது! எனக்கு இந்த மாதிரித் தகவல்தான் இனிக்கும், விலை அப்புறம்.

காந்தம் எதற்கு என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். உலோகம் மாறியதை அது சொல்லிவிடும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய தடித்த ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டாது. 2007-இல் வந்த எவர்சில்வர் ஐந்து ரூபாய் 'டக்'கென்று ஒட்டும். 9 கிராம் இருந்தது 6 கிராமாக இளைத்தது. ஏன் இளைத்தது என்றால், பழைய காசின் உலோகத்துக்கு ஐந்து ரூபாயைவிட அதிக விலை கிடைத்தது. எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டுபோய் உருக்கிச் சவர பிளேடு செய்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. நாணயத்தின் முகமதிப்பை உலோகத்தின் விலை தாண்டும்போதெல்லாம் ஜனங்கள் உருக்குவார்கள், அரசு உலோகத்தை மாற்றும். 1940 வெள்ளி ரூபாயிலும் ஜனங்கள் பதுக்கினார்கள், அரசு உலோகத்தை மாற்றியது. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் 1943-ல் நடுவில் ஓட்டை போட்டு அடித்த காலணாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 'ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன்' என்று திட்டுகிறோமே, அந்தக் காலணா உண்மையில் போல்ட்டுக்கு வாஷராகவும் பயன்பட்டது. இன்றைக்கு நாணயத்தை உருக்கினால் 2011 நாணயச் சட்டப்படி ஏழு வருஷம் வரை சிறை.

இனி பிழைகள். கல்லாவில் உட்காருகிறவனுக்கு உண்மையான வேட்டை இதுதான். நாணயம் அடிப்பதைச் சமையலறையில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள், விரித்த மாவில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூரி வெட்டுகிற மாதிரி. ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் கிண்ணம் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த பூரி ஓரத்தில் கடிபட்டு வரும். நாணயத்திலும் அப்படிக் கடிபட்ட வில்லைகள் வருகின்றன. இதைக் கத்தரியால் வெட்டியும் போலி செய்வார்கள். ஆனால் அசலை ஒரு இடத்தில் பிடித்துவிடலாம். வெட்டிய வில்லையை உருட்டி விளிம்பைத் தடிப்பாக்குவது அடுத்த கட்டம். ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் நேர் எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது. ஆகவே கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கும். பிற்பாடு வெட்டிய போலியில் அந்த இடம் கச்சிதமாக இருக்கும். போலிக்காரர் வெட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், எதிர்ப்பக்கம் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, சேகரிப்பவர்கள் கண் விரிகிற ரகம். கொழுக்கட்டை அச்சில் முதல் கொழுக்கட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வையுங்கள். அதைக் கவனிக்காமல் அடுத்த மாவை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? மாவு அச்சில் படாது, ஒட்டியிருக்கும் கொழுக்கட்டையில் படும். அதன் மேடு இதில் பள்ளமாக, இடவலம் மாறி விழும். அச்சில் ஒட்டிக்கொண்ட காசு அடுத்த காசுக்கு இதையே செய்கிறது. ஒரு பக்கம் சிங்கம் ஒழுங்காக இருக்கும், திருப்பினால் அதே சிங்கம் கண்ணாடியில் தெரிவதுபோலக் குழிந்து இருக்கும். மும்பை வியாபாரிகள் இதை 'லக்கி' என்கிறார்கள். இதுவரை ஒரு 'லக்கி'கூட எனக்குக் கல்லாவில் அகப்படவில்லை.

எளிதாக அகப்படுவது அச்சு திரும்பியது. இந்திய நாணயத்தைச் சிங்கம் நிமிர்ந்து நிற்கிற மாதிரி பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல இடவலமாகத் திருப்புங்கள். மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், காசின் இரு பக்கங்களையும் பதிக்கிற இரண்டு அச்சுகளில் ஒன்று கழன்று சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு சாதாரணம், யாரும் சீந்த மாட்டார்கள். தொண்ணூறு, நூற்றெண்பது என்றால் எடுத்து வைக்கலாம். இதைச் சோதிக்கக் கண்ணாடிகூட வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கண்டக்டர் கொடுத்த மிச்சக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை 'கள்ளக் காசா?' என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

சுத்தியலால் நடுப்பகுதியைத் தட்டி எடுத்த பத்து ரூபாயைப் பிழை நாணயம் என்று விற்கிறவர்களும் உண்டு. நாணயச்சாலைக்கு வெளியே நடந்ததெல்லாம் சேதம், பிழை அல்ல. ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அமிலத்தில் போட்டு மெலிய வைத்தது, எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். 'இது இயந்திரத்தில் எப்படி நடந்திருக்க முடியும்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் காசைக் கீழே வைத்துவிடுங்கள்.

தரம் பார்ப்பது இதைவிட நுணுக்கம், இதைவிடச் சண்டையும் அதிகம். தேய்மானம் எப்போதும் மேட்டில்தான் தொடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் மணிகள், புருவம், காது. நம் காலத்துக் காசில் நடுச் சிங்கத்தின் நெற்றி, நெஞ்சு முடி. அங்கே கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, மழுங்கி ஒன்றாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். உருவம் மட்டும் நிழலாகத் தெரிந்தால் 'குட்', முக்கியக் கோடுகள் தெரிந்தால் 'ஃபைன்', பெரும்பாலும் தெரிந்தால் 'வெரி ஃபைன்', மேட்டில் மட்டும் லேசான தேய்வு என்றால் 'எக்ஸ்ட்ரா ஃபைன்', புழக்கத்துக்கே போகாதது 'அன்சர்குலேட்டட்'. வெறும் 'குட்' என்றால் உண்மையில் மோசம் என்று பொருள். வரன் பார்க்கும்போது 'பையன் பரவாயில்லை' என்பார்களே, அந்த மாதிரி.

1949-ல் அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய சென்ட் நாணயங்களுக்கு ஒன்றிலிருந்து எழுபதுவரை எண் கொடுத்தார். எழுபது எண் காசு, ஒன்று எண் காசைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அறுபதும் அதற்கு மேலும் புழங்காதவை. 1986-லும் 87-லும் அங்கே தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் காசை வாங்கிப் பார்த்து, எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. இங்கேயும் பெரிய ஏலங்களில் அந்தப் பெட்டிக்குத்தான் மதிப்பு. இரண்டு எண் வித்தியாசத்தில் விலை இரட்டிக்கிற நாணயங்களும் இருப்பதால் வியாபாரத்துக்கு அது தேவையாக இருக்கலாம். கல்லாவில் பொறுக்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது வீண் செலவு. தரம் போடுகிற கட்டணத்தில் நூறு காசு வாங்கலாம். அதோடு, அறுபது எண் வாங்கிய காசு ஐம்பத்தெட்டைவிட அசிங்கமாக இருப்பதும் உண்டு. புழக்கத்துக்குப் போகாவிட்டாலும், சாக்குப்பையில் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் தழும்பாகிவிடும்.

புழங்காத காசை எப்படி அறிவது? மினுக்கத்தில். அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தோடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கோடுகளைப் பதித்துவிட்டுப் போகும். குண்டு பல்புக்கு அடியில் காசை மெதுவாகச் சாய்த்தால், ஒளி சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றி வரும். அந்தக் கோடுகள் தேய்ந்தால் அந்தச் சுற்றல் நின்றுவிடும். ஒருமுறை போனால் எந்தப் பாலிஷாலும் அது திரும்ப வராது.

எங்கள் வீட்டில் அது போன கதை இருக்கிறது. ஆச்சியின் சுருக்குப்பையில் பத்துப் பன்னிரண்டு செப்புக்காசு இருந்தது. 1835 காலணா ஒன்று, திருவிதாங்கூர்க் காசு இரண்டு, எப்படியோ வந்து சேர்ந்த புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்று. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்துவந்த குட்டிக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். எல்லாம் பழுத்த பலாக்கொட்டை நிறத்தில், வழவழவென்று இருந்தன. பொங்கலுக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். "அழுக்கா கிடந்துச்சே, எப்படி மின்னுது பாரு" என்று பெருமையாக என் கையில் கொடுத்தாள். புதிதாகத் தோலுரித்த மாதிரி ரோஜா நிறம். நூறு வருஷமாகப் படிந்து காசைக் காத்துவந்த மேல்தோலைப் புளியின் அமிலம் அரை மணியில் தின்றுவிட்டது. ஒரு மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. கோட்டையில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன், கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "தோயா ஹுவா ஹை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கழுவியது. அந்தச் சொல் விழுந்தால் பேரம் முடிந்தது. அம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

காசைத் தேய்க்காமல் இருப்பதோடு மும்பையில் வேலை முடிவதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் சுவரே வியர்க்கிற ஊர், போதாததற்கு உப்புக் காற்று. மலிவான பி.வி.சி. உறைகள் நாளாக ஆக உள்ளேயே ஒரு பச்சைப் பிசினைக் கசிந்து காசை அரிக்கும். அட்டையில் மைலார் என்கிற பிளாஸ்டிக் தாளால் சன்னல் வைத்த ஹோல்டர்களில் போட்டு, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு எவர்சில்வர் டப்பாவில் மூடி வைப்பது என் வழக்கம். விரலால் காசின் முகத்தைத் தொடக் கூடாது, விளிம்பைப் பிடிக்க வேண்டும். கைரேகை ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும், தெரிந்த பிறகு போகாது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தன்னிடம் இருந்த வைஷ்ணவ தேவி காசைப் போட்டோ எடுத்து ஒரு விளம்பரத்துக்கு அனுப்பினார். எட்டு லட்சம் தருகிறோம் என்றார்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று மூன்று தவணையாகப் பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டார்கள். பழைய நாணயம், நோட்டு வாங்குவது விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. உங்கள் பொருளை வாங்குகிறவன் உங்களிடமே பணம் கேட்டால், அங்கே பொருள் நீங்கள்தான். பத்து ரூபாய் செல்லாது என்று கிளம்பிய புரளியும் இதே போன் வழியாகத்தான் பரவியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் வங்கி சொல்ல வேண்டியிருந்தது. பதினான்கையும் சேர்ப்பதே தொடங்குகிறவர்களுக்கு நல்ல இலக்கு, செலவு நூற்று நாற்பது ரூபாய்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். மண்ணைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 சட்டம். பத்து ரூபாய் என்கிற வரம்பை இன்னும் மாற்றவில்லை! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் கணக்கில் வரும் என்பதால் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு மகனுக்கு ஆச்சியின் காசைப் பார்சலில் அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழர் கண்ணில் படுகிற காசுகள் என்று ஒரு தனிச் சின்ன ஆல்பம் வைத்திருக்கிறேன். 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய். அதில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் வந்தது. 2024-ல் வந்த கலைஞர் நூறு ரூபாயில் 'தமிழ் வெல்லும்' என்று இருக்கிறது. அது புழக்கத்துக்கு வருகிற காசு அல்ல, வாங்கித்தான் வைக்க வேண்டும். அதன் உலோகம் 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, நிக்கல் 5, துத்தநாகம் 5. 1940-ல் போருக்காகத் தரம் குறைத்தார்களே, அதே கலவை. 2011-க்குப் பிந்தைய காசு எல்லாவற்றிலும் இருக்கிற ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் தமிழர்; அப்போது இதே ஊரில், பவாயில், ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு ஊர் ஏரல் பக்கம். நாணயம் அடிக்கிற இடத்துக்குப் பழைய தமிழில் அக்கசாலை என்று பெயர் என்று ஒருநாள் சொன்னேன். "எங்க ஊருக்குப் பக்கத்துலதான கொற்கை. அங்க அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலே இருக்கு தம்பி" என்றார். பாண்டியன் காசு அடித்த இடத்தின் பெயரைச் சாமி பெயராகவே சொல்லி வளர்ந்தவர். அதற்குப் பொருள் அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது. அன்று கொஞ்ச நேரம் லட்ச ரூபாயைப் பற்றிக் கேட்கவில்லை.

போன ஞாயிறு கல்லாவின் அடியில் ஒரு இரண்டு ரூபாய் கிடந்தது. இரண்டு விரல் முத்திரை காட்டுகிற ரகம், தேதிக்குக் கீழே வைரக் குறி. புத்தகம்போலப் புரட்டினால் சிங்கம் நிற்கவில்லை, பக்கவாட்டில் படுத்திருந்தது. கிட்டத்தட்டத் தொண்ணூறு டிகிரி. அண்ணாச்சி வாங்கி நாலு முறை திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு போகும்?"

"ஐம்பது, நூறு. பிடிச்ச ஆள் கிடைச்சா கொஞ்சம் கூட."

"அவ்வளவுதானா" என்று காசை என் கையில் போட்டுவிட்டு, இன்னொரு கையை நீட்டினார். "ரெண்டு ரூபா வை."